படித்தது, படிப்பது, அடுத்து எடுக்கவிருப்பது: நாவல்களை எந்த வரிசையில் வாசிக்கிறீர்கள்?

பக்கக்குறி

சென்ற வாரம் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலை முடித்தேன். இப்போது மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் பாதியைக் கடந்திருக்கிறேன். அடுத்தது எது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. உங்களிடம் கேட்டுத் தீர்மானிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டையும் அறிந்தவர்கள் முதல் இரண்டு வரிகளிலேயே என் பிழையைக் கண்டுபிடித்திருப்பார்கள். ட்வைனின் நாவல் 1884இல் வெளிவந்தது. அதில் ஹக் என்னும் சிறுவனோடு மிசிசிப்பி ஆற்றில் தெப்பமேறித் தப்பிச் செல்லும் ஜிம் என்ற அடிமை, அதே பயணத்தைத் தன் வாயால் சொல்வதுதான் 2024இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற ‘ஜேம்ஸ்’. ஆக, விடையைப் படித்துவிட்டு வினாவைத் தேடிப் போயிருக்கிறேன். சிறுவயதில் சுருக்கப் பதிப்பு ஒன்றில் ட்வைனைப் படித்த நினைவு போதும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் எனக்கு நினைவிருந்ததெல்லாம் வேலிக்கு வெள்ளையடிக்கும் காட்சி ஒன்றுதான். அதுவும் ‘டாம் சாயர்’ நாவலில் வருவது என்பது இப்போதுதான் தெரிகிறது.

‘ஜேம்ஸ்’ நாவலில் என்னைப் பிடித்து நிறுத்தியது மொழி. அடிமைகள் தங்களுக்குள் பேசும்போது பிழையற்ற, தர்க்கம் நிறைந்த ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். வெள்ளையர் காதில் விழும் இடங்களில் மட்டும், அவர்கள் எதிர்பார்க்கும் கொச்சைக்கு மாறிவிடுகிறார்கள். அந்தக் கொச்சையைத் தவறில்லாமல் பேச ஜிம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் காட்சி ஒன்று உண்டு. சிரித்துக்கொண்டே படித்தேன், பக்கத்தைத் திருப்பும்போது சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். அதன் விளைவாக, இப்போது ட்வைனின் பக்கங்களில் ஜிம் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘இவன் நடிக்கிறான்’ என்றே எனக்குப் படுகிறது. ட்வைன் எழுதாத ஒரு நடிப்பை அவருடைய வரிகளின்மேல் ஏற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இது ட்வைனுக்கு நான் இழைக்கும் அநீதியா, அல்லது எவரெட் விரும்பியதே இதுதானா?

நீங்கள் அண்மையில் முடித்தது எது, கையில் இருப்பது எது, அடுத்து எடுக்கவிருப்பது எது என்பதைச் சொல்லுங்கள். ஏன் அந்த வரிசை என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

அடிக்கோடு

அநீதிதான், நண்பரே. மறுமொழியாக எழுதப்பட்ட நாவலை முதலில் படிப்பது, தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு மறுமுனையில் இருப்பவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பானது.

நான் அண்மையில் முடித்தது அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் வெளியிட்ட ‘மெர்சோ விசாரணை’. 1942இல் வந்த ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலில் மெர்சோ கடற்கரையில் ஓர் அரேபியனைச் சுட்டுக் கொல்கிறான். கொல்லப்பட்டவனுக்கு அந்நாவலில் பெயரே கிடையாது. தாவூத் அவனுக்கு மூஸா என்று பெயரிட்டு, அவனுடைய தம்பியை ஒரு மதுக்கூடத்தில் உட்கார வைத்துப் பேச விடுகிறார். இதைப் படிக்கும் முன் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் ‘அந்நியன்’ நாவலை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படித்தேன். படித்திராவிட்டால், தாவூதின் கதைசொல்லி ஒரு வயோதிகப் புலம்பல்காரராக மட்டுமே எனக்குத் தெரிந்திருப்பார். அண்ணனின் பெயர் இல்லாமையை நானே ஒரு முறை கவனிக்காமல் கடந்து போயிருந்தால்தான், அந்தத் தம்பி என்னையும் சேர்த்துக் குற்றம் சாட்டுகிறார் என்பது உறைக்கும்.

காம்யு எனக்கு இப்போது கையில் இருக்கும் நூலையும் முடிவு செய்து கொடுத்துவிட்டார். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1981இல் வந்த அந்நாவலின் முதல் வாக்கியத்திலேயே, காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று ஜே.ஜே. இறந்ததாகச் சொல்லப்படுகிறது. முன்னிரு வாசிப்புகளிலும் அதை ஓர் அலங்காரமாக எண்ணிக் கடந்திருந்தேன். இம்முறை காம்யுவிலிருந்து நேராக வந்ததால், கற்பனை எழுத்தாளன் ஒருவனின் மரணத்தை மெய்யான எழுத்தாளர் ஒருவரின் மரணத்தின் அருகில் வைத்துத் தொடங்கும் துணிச்சல் புலப்பட்டது.

அடுத்து ஹூலியோ கொர்த்தாஸாரின் ‘ரயுவேலா’.

நிலாமுற்றம்

வரிசையைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக எழுதிவிட்டு, அடுத்து ‘ரயுவேலா’ என்று அடிக்கோடு சொல்வதுதான் வேடிக்கை. 1963இல் வந்த அந்த நாவலுக்கு 155 அத்தியாயங்கள். ஒன்றில் தொடங்கி 56 வரை நேராகப் படித்து நிறுத்திக்கொள்ளலாம். அல்லது ஆசிரியர் தரும் அட்டவணையின்படி 73ஆம் அத்தியாயத்தில் தொடங்கித் தாவித் தாவிப் போகலாம். அப்படிப் போனால் 55ஆம் அத்தியாயம் வழியில் வரவே வராது. முடிவில் 58க்கும் 131க்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எந்த வழியில் போகவிருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

பக்கக்குறியின் கேள்விக்கு என் அனுபவம் எதிர்த்திசையில் பதில் சொல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், அது இன்னொரு நாவலின் மறுபக்கம் என்பதே தெரியாமல் ஜீன் ரைஸின் ‘வைட் சர்காஸோ ஸீ’ நாவலைப் படித்தேன். ஒரு தீவில் வளர்ந்த ஆன்ட்வனெட் என்ற பெண், மணமாகி, பெயர் மாற்றப்பட்டு, தொலைநாட்டு வீடொன்றில் அடைக்கப்படுகிறாள். கணவனுக்கு ரைஸ் பெயர் கொடுக்கவில்லை. 1966இல் வந்த அந்நாவலை முடித்த பிறகு சில மாதங்கள் கழித்துத்தான் 1847இல் வந்த ‘ஜேன் ஐர்’ என் கைக்கு வந்தது. மாடியில் யாரோ சிரிக்கும் ஓசையை ஜேன் முதன்முதலாகக் கேட்கும் இடத்தில் எனக்கு மட்டும் சிரிப்பவள் யார் என்று தெரிந்திருந்தது.

சார்லட் பிராண்டி பாதி நாவல் வரை பொத்தி வைத்திருந்த மர்மம் எனக்கு இல்லாமல் போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஈடாக, வேறு எவருக்கும் எளிதில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. ஜேன் அந்த வீட்டில் மெல்ல மெல்ல மகிழ்ச்சி அடையும் அத்தியாயங்களில், கீழே இருப்பவளுக்காகவும் மேலே இருப்பவளுக்காகவும் ஒரே நேரத்தில் அஞ்சிக்கொண்டிருந்தேன். முறையான வரிசையில் படித்தவர்கள் முதலில் ஜேனின் கட்சி, பிறகு ஆன்ட்வனெட்டின் கட்சி என்று மாறுகிறார்கள். எனக்குக் கட்சி மாறும் வாய்ப்பே ஏற்படவில்லை. ஆகவே பக்கக்குறி தயங்காமல் தொடரட்டும்.

இப்போது படிப்பது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. அடுத்து ‘கோபல்லபுரத்து மக்கள்’. இதில் வரிசைச் சிக்கல் ஏதும் இல்லை.

தாழைமடல்

வரிசையைப் பற்றிக் கவலைப்படுவது நூல்களை முடிக்கிறவர்களின் சொகுசு என்று தோன்றுகிறது. நான் தல்ஸ்தோயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வாசித்து வருகிறேன். மொத்தம் 361 அத்தியாயங்கள். ஓர் ஆண்டுக்குச் சரியாக இருக்கும். பெரும்பாலானவை நான்கைந்து பக்கங்களுக்கு மேல் போவதில்லை என்பதால், அச்சுறுத்தும் நூல் என்ற பெயர் அதற்குப் பொருந்தவில்லை. பெயர்கள்தான் தொல்லை. ஒருவரையே பட்டப்பெயராலும் தந்தைவழிப் பெயராலும் செல்லப் பெயராலும் மாற்றி மாற்றி அழைக்கிறார்கள். முதல் மாதம் முழுவதும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு தாள் தொலைந்தது. அதற்குள் அவர்களும் பழகிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாளுக்கு ஓர் அத்தியாயம் மட்டும் என்றால் மிச்ச நேரத்தில் வேறு ஏதாவது படிக்காமல் இருக்க முடியாது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை எவ்விதத் திட்டமும் இல்லாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தல்ஸ்தோயில் போரோதினோ போர்க்களம் வந்த வாரம். போருக்குத் துளியும் சம்பந்தமில்லாத பியேர், வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக வேடிக்கை பார்க்க வந்து, பீரங்கிகளுக்கு நடுவே எல்லோருக்கும் இடையூறாக நிற்கிறான். அதே வாரம் அசோகமித்திரனில், ஹைதராபாத் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைவதற்கு முந்தைய கொந்தளிப்பின் நடுவே, கிரிக்கெட் ஆட்டத்தை நினைத்துக்கொண்டு சைக்கிளில் போகிறான் சந்திரசேகரன். வரலாறு நடக்கும் இடத்தில் வழி தெரியாமல் நிற்கும் இருவர். ஒருவருக்கு ஆயிரம் பக்கங்களுக்கு மேல் இடம் கிடைத்தது, மற்றவருக்குச் சில நூறு பக்கங்கள். இந்த இரண்டையும் வெவ்வேறு ஆண்டுகளில் படித்திருந்தால் அவர்கள் என் மனத்தில் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

எனவே, மூலமும் மறுமொழியும் என்ற உறவே இல்லாத நூல்கள்கூட, அடுத்தடுத்து அமர்ந்தால் ஒன்றையொன்று மாற்றிவிடுகின்றன. முதலில் எது என்று சண்டையிடுவதைவிட, எதன் பக்கத்தில் எது என்று யோசிப்பது பயனுள்ளது.

பின்னட்டை

நான் இரண்டு முறை கைவிட்ட நாவலைப் பற்றிச் சொல்லலாமா? லாஸ்லோ க்ராஸ்னஹோர்க்கைக்கு 2025இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் பலரைப் போல நானும் ‘சாத்தான்டாங்கோ’ நாவலை எடுத்தேன். அத்தியாயத்துக்கு ஒரே பத்தி. மூச்சு விட இடமில்லை. இரண்டு முறையும் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். எனவே படித்தது இல்லை, படிப்பது இல்லை, அடுத்துப் படிக்கவிருப்பது மீண்டும் அதேதான்.

அடிக்கோடு

நிலாமுற்றம் சிரித்தது நியாயமே. ஆசிரியரே இரண்டு வழிகளைக் கொடுத்திருக்கும்போது கண்டிப்பு எதற்கு? முதலில் நேர்வழியில் போய், பிறகு தாவும் வழியைப் பார்ப்பதாக இருக்கிறேன்.

பின்னட்டைக்கு ஒரு சொல். ‘சாத்தான்டாங்கோ’ டாங்கோ நடனத்தைப் போல ஆறடி முன்னால், ஆறடி பின்னால் போகிறது. அத்தியாயங்கள் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணிடப்பட்டு, பிறகு ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்குகின்றன. கடைசி அத்தியாயத்தின் எண் ஒன்று. நீங்கள் நின்ற மூன்றாம் அத்தியாயத்தில், சன்னலருகே அமர்ந்து குடித்துக்கொண்டு, வெளியே நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் மருத்துவர் வருகிறார். பலர் அங்கேதான் நிற்கிறார்கள். ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதை அத்தனை பக்கங்கள் படிப்பது எளிதன்று. அவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன். அத்தியாயத்தின் நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள். பத்தி பிரிக்காத உரைநடையில் விட்ட இடத்தைப் பிடிப்பது, ஓடும் ஆற்றில் நேற்று நின்ற இடத்தைத் தேடுவது போல ஆகிவிடும். ஓர் அத்தியாயத்துக்கு ஓர் அமர்வு என்று ஒதுக்குங்கள். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள்தான்.

ஒற்றெழுத்து

மொழிபெயர்ப்பில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில், பக்கக்குறி எழுதியதில் மொழியைப் பற்றிய பகுதி என்னை உறங்க விடவில்லை. ‘ஜேம்ஸ்’ நாவலைத் தமிழில் கொண்டுவருவது எப்படி? கொச்சைக்கு ஏதேனும் ஒரு வட்டார வழக்கைப் பயன்படுத்தினால், அந்த வட்டாரத்து மக்களை இழிவுபடுத்தியதாக ஆகும், அதுவும் கி.ரா. போன்றவர்கள் வழக்கு மொழியையே இலக்கியத்தின் கம்பீரமாக்கிக் காட்டிய பிறகு, வழக்கு என்றால் தாழ்வு என்ற பொருளை வாசகரிடம் எழுப்பவே முடியாது, எழுப்பவும் கூடாது. மறுபுறம், அடிமைகள் தங்களுக்குள் பேசும் செம்மையான மொழிக்கு எழுத்துத் தமிழைப் பயன்படுத்தினால், தனிமையில் இருக்கும்போது இவர்கள் மேடை நாடகம் ஆடுகிறார்கள் என்று தோன்றும். நம் மொழியில் எவரும் வீட்டுக்குள் எழுத்துத் தமிழில் பேசிக்கொள்வதில்லை அல்லவா? ஆங்கிலத்தில் நடிப்பாகத் தெரிவது இயல்பாகவும், இயல்பாகத் தெரிவது நடிப்பாகவும் தலைகீழாகிவிடும்.

எனக்குத் தோன்றும் ஒரே வழி, இரண்டையும் பேச்சுத் தமிழிலேயே வைத்து, வேறுபாட்டைச் சொற்களில் காட்டாமல் வாக்கியங்களின் நீளத்தில் காட்டுவது. தமக்குள் பேசும்போது காரணமும் விளைவும் தொடுத்த நெடிய வாக்கியங்கள்; வெள்ளையர் முன்னால் முடிக்கப்படாத, துண்டு துண்டான விடைகள். இதுவும் அரைகுறைத் தீர்வுதான்.

நான் இப்போது படிப்பது ஓல்கா தோகார்சுக்கின் ‘யாக்கோபின் நூல்கள்’. அதன் பக்க எண்கள் பின்னோக்கி இறங்குகின்றன. ஹீப்ரு நூல்களுக்கு ஆசிரியர் செலுத்தும் மரியாதை அது. எவ்வளவு படித்தேன் என்பதற்குப் பதில் எவ்வளவு மிச்சம் என்பதையே ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. தடித்த நாவல்கள் அனைத்துக்கும் இந்த ஏற்பாடு இருந்தால் நன்றாக இருக்கும்.

வழிப்போக்கன்

வணக்கம். இதுவரை உங்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வரிசை என்ற பேச்சு வந்ததால் ஒரு நடைமுறைக் கேள்வி கேட்கிறேன். நேற்றிரவு பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை முடித்தேன். குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியரை ஊரும் உறவும் சொல்லால் குத்திக் குத்தி எங்கே கொண்டு நிறுத்துகின்றன என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் உறங்க முடியவில்லை. அதன் முடிவிலிருந்து இரண்டு தனித்தனி நாவல்கள் பிரிவதாக அறிகிறேன்: ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’. எதை முதலில் படிப்பது? கதையைச் சொல்லிவிடாமல் வழி சொல்லுங்கள்.

நிலாமுற்றம்

வாருங்கள். ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நீங்கள் சொல்லும் இரண்டும் 2014இல் வந்தவை. இரண்டும் ஒன்றையடுத்து ஒன்று வரும் பாகங்கள் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். மரத்தடியில் நிற்கும் அந்த முடிவு இரண்டு விதமாகத் தொடர்ந்திருக்க முடியும். ஆசிரியர் இரண்டையுமே தொடர்ந்து பார்த்திருக்கிறார். ஒன்றில் நடந்தது மற்றதில் நடக்கவில்லை.

என் பரிந்துரை ‘ஆலவாயன்’ முதலில். அது பொன்னாவின் நாவல். மற்ற பெண்களும் அதில் நிறைந்திருக்கிறார்கள். ‘மாதொருபாகன்’ நாவலைக் காளியின் மனத்துக்குள்ளிருந்தே அதிகம் படித்துவிட்டு வருகிற உங்களுக்கு, அங்கிருந்து பொன்னாவிடம் போவது ஒரு மாற்றாக இருக்கும்.

அடிக்கோடு

இங்கே நான் மாறுபடுகிறேன். ‘அர்த்தநாரி’ முதலில். ‘மாதொருபாகன்’ எழுப்பிய சினம் இன்னும் ஆறாமல் இருக்கும்போது அந்தச் சினத்தோடு நேருக்கு நேர் உட்கார வைக்கும் நாவல் அது. ‘ஆலவாயன்’ கேட்கும் மனநிலை வேறு. அதற்குச் சிறிது இடைவெளி தேவை. இன்னொன்று: இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்காதீர்கள். முதலில் படித்ததையே மனம் ‘நடந்தது’ என்று பதிந்துகொண்டு, இரண்டாவதைக் கனவாக்கிவிடும். நடுவில் முற்றிலும் வேறு உலகம் ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள்.

தாழைமடல்

இரண்டு பேரும் இரண்டு பதில் சொல்லியிருப்பதே இந்த நாவல்களுக்குப் பொருத்தம்தான். வழிப்போக்கனுக்கு ஓர் ஆறுதல்: எழுதப்பட்ட வரிசையும் நிகழ்ந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. கல்கி ‘பார்த்திபன் கனவு’ எழுதிய பிறகுதான் ‘சிவகாமியின் சபதம்’ எழுதினார். ஆனால் கதையில் சிவகாமியின் காலம் முந்தையது. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை வாசகர்கள் எழுதப்பட்ட வரிசையிலும் நிகழ்ந்த வரிசையிலும் படித்துவிட்டு, நரசிம்ம பல்லவனைப் பற்றி இன்றுவரை உடன்பாட்டுக்கு வரவில்லை. சக்கரவர்த்தியாக முதலில் சந்தித்தவர்களுக்கு அவர் பெருந்தன்மையாளர். இளவரசனாக முதலில் சந்தித்தவர்களுக்கு, ஒரு பெண்ணைக் காத்திருக்க வைத்தவர்.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களையும் முறையாகப் படிக்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முறையாகத் தொடங்குவது நல்லதுதான். ஆனால் நான்காவதான ‘நீலம்’ நாவலை மட்டும் தனியே படித்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு வந்தவர்களையும் அறிவேன். அவர்கள் ஒன்றும் வழி தவறிவிடவில்லை.

பக்கக்குறி

நேற்று ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை முடித்தேன். அடிக்கோடு, நிலாமுற்றம் இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹக் ஜிம்மை விட்டுப் பிரிந்து தனியாகத் திரியும் பகுதிகளில்தான் எனக்கு ஆதாயம் அதிகம். ட்வைனில் அப்போது ஜிம் காட்சியிலேயே இல்லை. எங்கே போனான், என்ன ஆனான் என்று ஹக் பெரிதாகக் கேட்பதுமில்லை. எவரெட்டைப் படித்துவிட்டு வந்தவனுக்கு அந்த வெற்றிடங்கள் நிரம்பியே தெரிகின்றன. ஹக் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஜிம்முக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கும் என்பதை நினைத்து, ஹக்கின் நகைச்சுவையைப் பாதிச் செவியால்தான் கேட்டேன்.

நட்டம் எங்கே என்றால், இறுதிப் பகுதியில். டாம் சாயர் திரும்பி வந்து, அடைத்து வைக்கப்பட்டிருக்கும் ஜிம்மை விடுவிப்பதை ஒரு சாகச விளையாட்டாக்கி, நாள்கணக்கில் இழுத்தடிக்கும் அத்தியாயங்களை என்னால் பொறுக்கவே முடியவில்லை. எவரெட் அந்த முடிவைப் பின்பற்றாமல் விலகிப் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் ட்வைனை முதலில் படித்திருந்தால் அந்த அத்தியாயங்களில் நானும் ஓரிரு முறை சிரித்திருப்பேன் என்ற எண்ணம் விடாமல் உறுத்துகிறது. ஹக்கும் டாமும் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிட்டு, பிறகு ‘ஜேம்ஸ்’ நாவலில் பிடிபட்டிருக்க வேண்டும். அந்த அகப்படல் எனக்குக் கிடைக்காமல் போயிற்று. அடிக்கோடு சொல்வது அதுதான் என்றால், ஒப்புக்கொள்கிறேன். நரகத்துக்குப் போனாலும் போகிறேன், ஜிம்மைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று ஹக் முடிவெடுக்கும் இடம் மட்டும் எந்த வரிசையில் படித்தாலும் அசையாது என்று நினைக்கிறேன்.

அடுத்து ‘அந்நியன்’, அதன் பிறகு தாவூத். இம்முறை வினா முதலில்.

பின்னட்டை

நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறேன். மருத்துவரைக் கடந்துவிட்டேன்.

வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. ‘அர்த்தநாரி’ நாவலை நாளை தொடங்குகிறேன். இரண்டுக்கும் நடுவில் படிக்க ‘18வது அட்சக்கோடு’ எடுத்து வைத்திருக்கிறேன். ‘ஆலவாயன்’ அலமாரியில்தான் இருக்கிறது. பின்னட்டையில் உள்ள கதைக்குறிப்பு தற்செயலாகக்கூடக் கண்ணில் படக்கூடாது என்று, அதற்குப் பழைய நாளிதழில் அட்டை போட்டுவிட்டேன்.